சுதர்சினியின் முதுகு

பதினொரு வருடங்களாகக் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்துவந்த சுதர்சினி, ஆடி மாதத்துக் காலையொன்றில், வேலை தொடங்கி ஒரு மணித்தியாலம்கூட ஆகாத நேரத்தில், மண் வாரும் றேக்கைக் கீழே வைத்துவிட்டு இடது கையை மேலே தூக்கினாள்.

அந்தக் காணியில் யாராவது கையைத் தூக்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மேற்பார்வையாளர் செல்வராசா விசில் ஊதினார். பனைகளுக்கிடையில் இருபத்தைந்து மீற்றருக்கு ஒருத்தியாக முழங்காலில் இருந்த பெண்கள் எல்லாரும் அப்படியே வேலையை நிறுத்தினார்கள். செல்வராசா ஆபத்து எல்லையைக் காட்டும் சிவப்புத் தலை வைத்த தடிகளுக்கு நடுவே அளந்து அளந்து நடந்து அவளுக்குப் பின்னால் வந்தார்.

"என்ன பிள்ளை, என்ன கிடைச்சது?"

"ஒண்டும் கிடைக்கேல்லை அண்ணை. என்ர கழுத்து."

"கழுத்துக்கு என்ன?"

"திரும்புதில்லை. வலப்பக்கத்தை நான் சரியாப் பார்க்கேல்லை. எவ்வளவு தூரமாப் பார்க்கேல்லை எண்டும் தெரியேல்லை."

சொல்லி முடித்ததும் முகக்கவசத்துக்குள் அவளுடைய மூச்சு வெள்ளையாகப் படிந்தது. அந்த மூட்டத்துக்குள் பனைகளும் செல்வராசாவும் கரைந்து போனார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு மீற்றர் அகலமான பாதை அது. இரண்டு பக்கமும் கயிறு. அதற்குள் முழங்காலில் இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி, பார்த்து, தள்ளி, அடுத்த கொஞ்சத்துக்குப் போக வேண்டும். ஒரு நாளில் நாலைந்து மீற்றர் போனால் பெரிய காரியம். கவச உடுப்பின் பாரம் தோளில் தொங்கும். முகக்கவசம் தலையை முன்னுக்கு இழுக்கும். ஆனால் சுதர்சினிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அந்த அமைதி பிடித்திருந்தது. காற்று பனையோலையைச் சலசலக்க வைக்கும்போது, உலகத்தில் தானும் தனக்கு முன்னால் இருக்கிற ஒரு சாண் மண்ணும் மட்டுமே இருப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

கழுத்தில் நோ வந்தது போன வருடம். முதலில் வலது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இழுவை. பிறகு அது பிடரிக்கு இறங்கியது. பிறகு பிடரியிலிருந்து தோள் விளிம்புக்கு. தைலம் பூசினாள். பனடோல் போட்டாள். நரம்பு பிடிக்கிறவர் ஒருவரிடம் போய்ப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு நாள் சுகமாக இருந்தது, மூன்றாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கடைசியில் யாராவது வலப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால், அலுமாரியைத் திருப்புவதுபோல முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க முடிந்தது. வேலையிடத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பாதையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம்.

அன்று கையைத் தூக்கியதும் அந்தப் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. செல்வராசா அவளைப் பின்னால் கூட்டிவந்து மர நிழலில் இருத்திவிட்டு, வீரம்மாவை அழைத்து, சுதர்சினி முடித்த கடைசி ஆறு மீற்றரையும் திரும்பப் பார்க்கச் சொன்னார். வீரம்மா அவளுடைய நல்ல சிநேகிதி; அந்தக் குழுவில் அவளைவிட மூத்தவள். போய் முழங்காலில் இருந்தாள். இரண்டு மணித்தியாலம் போனது. கடைசியில் வலப்பக்கக் கயிற்றோரத்தில் ஒரு சாமானைக் கண்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

துருப்பிடித்த ஓர் ஆணி.

"ஆணிதானே, விடு," என்றாள் வீரம்மா.

ஆணிதான். ஆனாலும் அது சுதர்சினி விட்டுவிட்டுப் போன ஆணி. அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"சுகமாக்கிக்கொண்டு வா," என்றார் செல்வராசா. "உன்ர இடம் எங்கயும் போகாது. நீயாக் கையைத் தூக்கினாய் பார், அதை நான் எழுதி வைக்கிறன்."

*

ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தார்கள். கழுத்தெலும்பில் ஒரு பிழையும் இல்லை என்றார் டொக்டர். சுதர்சினிக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. இத்தனை நோவும் எங்கிருந்து வருகிறது, தன் மனசிலிருந்தா என்று யோசித்தாள். டொக்டர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, நீளமான நடைபாதையின் கடைசியில் இருந்த பிசியோதெரபி அறைக்குப் போகச் சொன்னார்.

மத்தியான நேரம். வெளியே வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் பச்சைத் திரைச்சீலை; அதனூடாக வந்த வெளிச்சமும் பச்சை. மேலே காற்றாடி மெதுவாகச் சுழன்றது. குளத்துக்கு அடியில் வந்து நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. கண்ணாடி போட்ட, மெலிந்த ஒரு பெண் கதிரையிலிருந்து எழுந்து வந்தாள். பெயர் யதுர்ஷிகா, கிளிநொச்சிப் பிள்ளை, இருபத்தெட்டு வயது இருக்கும். எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு கணம் நிறுத்தி யோசித்துவிட்டுத்தான் சொல்வாள்.

அவள் கழுத்தைத் தொடவில்லை. அதுதான் சுதர்சினிக்கு முதல் ஆச்சரியம். இது வரைக்கும் பார்த்த எல்லாரும் கழுத்தைத்தான் பிடித்தார்கள்.

"அக்கா, முதுகுப் பக்கம் திறந்த இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வாங்கோ. உங்கட போனைத் தாங்கோ, நான் வீடியோ எடுக்கப்போறன். உங்கட போனிலதான் இருக்கும். வேற ஒருத்தருக்கும் போகாது."

பிறகு தண்ணீர் நிரப்பிய அரை லீற்றர்ப் போத்தல் இரண்டைத் தந்தாள். கைக்கொன்றாகப் பிடித்து, இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கி, அதைவிட மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னாள். ஐந்து தரம். சுதர்சினி செய்தாள். யதுர்ஷிகா போனை அவளிடம் கொடுத்தாள்.

நாற்பத்தொரு வயதில் சுதர்சினி முதன்முறையாகத் தன் முதுகைப் பார்த்தாள்.

யாரோ ஒருத்தியின் முதுகு போல இருந்தது. ஒடுங்கிய, கறுத்த, இடது பக்கம் ஒரு மச்சம் உள்ள முதுகு. கைகள் மேலே போகும்போது இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், முக்கோணமான தட்டை எலும்பு ஒன்று விலா எலும்புகளைச் சுற்றி வெளிப்பக்கமாக வழுக்கி மேலே போனது. கை இறங்கும்போது வந்த வழியே திரும்பி வந்தது. ஆழமில்லாத தண்ணீரில் தோணி ஒன்று போய்த் திரும்புவதுபோல. வலது பக்கத்து எலும்பு அப்படிப் போகவில்லை. அது தாழ்ந்து, சாய்ந்து கிடந்தது. கை மேலே போனபோது கொஞ்சம் நடுங்கிற்று. கை இறங்கும்போது அதன் உள்விளிம்பு தோலைத் தூக்கிக்கொண்டு வெளியே துருத்தியது.

"இது நானோ?" என்றாள்.

"ஓம் அக்கா, நீங்கள்தான். இதுதான் தோள்பட்டை எலும்பு. இது முதுகில ஆணி அடிச்சு வைச்ச மாதிரி இருக்கிறேல்லை. தசையிலதான் மிதக்குது. கை மேல போனா இதுவும் சேர்ந்து திரும்ப வேணும். உங்கட வலப்பக்கம் அது தொங்கிப் போச்சுது."

"அதுக்கும் கழுத்துக்கும் என்ன?"

யதுர்ஷிகா யோசித்தாள். "இந்த எலும்பில இருந்து கழுத்துக்கு ஒரு தசை போகுது. எலும்பு கீழ தொங்கினா அது நாள் முழுக்கக் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எலும்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய மற்றத் தசையள் நித்திரை. அவையின்ர வேலையையும் சேர்த்து உங்கட கழுத்துத்தான் செய்யுது. கழுத்தில பிழையில்லை அக்கா. அதுக்கு வேலை கூடிப் போச்சுது. அவ்வளவுதான். இருங்கோ, காட்டுறன்."

அவளைக் கதிரையில் இருத்தி வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். வழமையான இடத்தில், வழமையான நோவோடு கழுத்து நின்றது. கண்ணுக்குத் திரைச்சீலை மட்டும்தான் பட்டது. யதுர்ஷிகா அவளுக்குப் பின்னால் வந்து, ஒரு கையை அக்குளுக்குக் கீழேயும் மற்றக் கையைத் தோள்பட்டை எலும்பிலும் வைத்து, முட்டை தூக்குவதுபோல மெதுவாக மேலே தூக்கினாள்.

"இப்ப திரும்புங்கோ."

சுதர்சினி திரும்பினாள். திரைச்சீலை போனது. கை கழுவும் தொட்டி வந்தது, அதுவும் போனது. சுவரில் தொங்கிய நாட்காட்டி போனது. ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். வெயிலில் அதன் இலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கின. வேம்புக்குக் கீழே வெள்ளை உடுப்புப் போட்ட தாதி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

நோ எங்கே என்று சுதர்சினி தேடினாள். இல்லை. ஒரு வருடமாகக் கூடவே இருந்த ஒன்று இல்லாமல் போனது, காதுக்குள் இரைச்சல் திடீரென்று நின்றதுபோல இருந்தது.

யதுர்ஷிகா கையை எடுத்தாள். நோ திரும்பி வந்தது.

"மிஸ்," என்றாள் சுதர்சினி. "இன்னொருக்காப் பிடியுங்கோ."

யதுர்ஷிகா பிடித்தாள். அவள் திரும்பினாள். வேப்பமரம் அங்கேயே நின்றது. மூன்று தரம் அப்படிச் செய்தார்கள். மூன்றாம் தரம் சுதர்சினி சிரித்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

அன்று பின்னேரம் வட்டுவாகல் பாலத்தால் பஸ் போகும்போது, ஜன்னலோரத்தில் இருந்து அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வெளியே நந்திக்கடல் நீரேரி அசையாமல் கிடந்தது. போனுக்குள் அந்தத் தட்டை எலும்பு போவதும் வருவதுமாக இருந்தது. எது எங்கே அசைகிறது என்று கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்காமல் போனது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தாள்.

*

வாரத்தில் இரண்டு நாள் போக வேண்டும். மற்ற நாட்களில் வீட்டில் பயிற்சி. சுவருக்கு முன்னால் நின்று, முழங்கை வரைக்கும் சுவரில் படியவைத்து, கைகளை மேலே வழுக்கிக்கொண்டு போய், உச்சியில் தோளைக் காதை நோக்கி மெல்லத் தூக்கி, பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். பிறகு விட வேண்டும். ஒரு நேரத்துக்குப் பத்துத் தரம்.

"தோளைக் கீழ போடு, தளர்த்தி விடு எண்டுதானே மிஸ் எல்லாரும் சொல்லுறவை?"

"மற்ற ஆக்களுக்கு அது சரியா இருக்கலாம். உங்களுக்கு அது ஏற்கெனவே கீழதான் கிடக்குது. நாங்கள் அதை மேல கூப்பிட வேணும்."

கதிரையில் இருக்கும்போது வலது கைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். பையை வலது தோளில் போடக்கூடாது. தண்ணீர் வாளியை இரண்டாகப் பிரித்துத் தூக்க வேண்டும். இவையெல்லாம் லேசு. கஷ்டம் வேறொன்றில் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, முகத்தை அதில் இருந்த துளைக்குள் வைக்கச் சொல்வாள் யதுர்ஷிகா. பிறகு வலது தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியில் ஒரு விரலை வைப்பாள். "இந்த நுனியை என்ர விரலை நோக்கித் தள்ளுங்கோ."

சுதர்சினி தள்ளுவாள். முழங்கை அசையும். தாடை இறுகும். கால் பெருவிரல்கூட விறைக்கும். அந்த நுனி மட்டும் அசையாது. அது எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கை விரல் நுனியால் தரைக்குள் கிடக்கிற சோடா மூடியைக்கூடக் கண்டுபிடிக்கிறவள் அவள். தன் முதுகில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

துளைக்கு ஊடாக யதுர்ஷிகாவின் நீலச் செருப்பும் நாலைந்து தரை ஓடுகளும் தெரியும். காற்றாடியின் நிழல் அந்த ஓடுகளின் மேல் போய்க்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருக்க, ஓடுகள் தண்ணீராகும். நீலச் செருப்பு மீனாகும். தண்ணீருக்கு அடியில் எங்கேயோ வெண்மையான ஒரு தட்டைப் பொருள் கிடக்கும். கையை நீட்டுவாள், எட்டாது. "அக்கா, நித்திரையோ?" என்று யதுர்ஷிகா கேட்கும்போது திடுக்கிட்டு விழிப்பாள். கட்டில் விளிம்பில் எச்சில் ஈரமாக இருக்கும்.

மூன்றாவது வாரம் நோ கூடியது. வலது காதுக்குப் பின்னால் தீ வைத்ததுபோல எரிந்தது. யதுர்ஷிகா கையை வைத்த உடனேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"வீட்டில எத்தினை தரம் செய்யிறனீங்கள்?"

"பத்து."

யதுர்ஷிகா தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நூறு," என்றாள் சுதர்சினி. "காலமை நூறு, பின்னேரம் நூறு."

"ஏன்?"

"கெதியா வேலைக்குப் போக வேணும் மிஸ். என்ர பாதையில வீரம்மா அக்கா இருக்கிறா. அவாவுக்குக் கனநேரம் முழங்காலில இருக்க ஏலாது."

யதுர்ஷிகா கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தாள். "அக்கா, வெடி எடுக்கேக்க நீங்கள் அவசரப்படுவியளோ?"

"இல்லை."

"ஒரு நாளைக்கு எவ்வளவு போவியள்?"

"நாலு மீற்றர். அஞ்சு."

"நூறு மீற்றர் போ எண்டு ஆராவது சொன்னா?"

சுதர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். யதுர்ஷிகா சிரித்தாள். அன்று பயிற்சி ஒன்றும் இல்லை. சூடான ஈரத்துணியைத் தோளில் போட்டுவிட்டு, அரை மணித்தியாலம் அப்படியே படுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனாள். வெளியே யாரோ பெயர்களை வாசித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர்கள் நீரில் போட்ட கற்கள்போல ஒவ்வொன்றாக உள்ளே வந்து அமிழ்ந்தன.

*

அவளுடைய கணவன் பாலனுக்கு நந்திக்கடலில் வீச்சுவலைத் தொழில். விடிய முன்னம் போய் வெயில் ஏற முதல் வந்துவிடுவான். அவளும் விடிய முன்னம் வேலைக்குப் போகிறவள். கலியாணம் கட்டி இருபது வருடம். மகள் தேனுகா இப்போது வவுனியாவில் படிக்கிறாள். இந்த இருபது வருடத்தில் அவன் வலை வீசுவதை அவள் நின்று பார்த்த நாட்கள் மிகக் குறைவு. இப்போது வீட்டில் நிற்கிறாள் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு அவனைத் தேடிப் போனாள்.

கடல் நீர் இடுப்பளவுக்கு நின்றது. வெயில் இன்னும் சூடாகவில்லை. தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய புகை படர்ந்திருந்தது. அதற்குள் பாலன் மேல் சட்டை இல்லாமல், அவளுக்கு முதுகு காட்டி நின்றான். அவனைச் சுற்றி வானமும் தண்ணீரும் ஒரே நிறம். எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவன் வலையைக் கையில் மடித்து எடுத்தான். உடம்பைத் திருப்பினான். வீசினான்.

சுதர்சினி சாப்பாட்டுப் பையை மணலில் வைத்தாள்.

கை மேலே போகும்போது, அவனுடைய தோள்பட்டை எலும்பு விலாவைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனது. வலை விரிந்து காற்றில் நின்ற அந்தக் கணத்தில் எலும்பும் விரிந்து, தன் தூரத்தின் உச்சியில் நின்றது. வலை தண்ணீரில் விழ, எலும்பும் அமைதியாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. கழுத்தில் ஒரு நரம்புகூட எழும்பவில்லை.

"இஞ்சேருங்கோ!" என்று கூப்பிட்டாள். "இன்னொருக்கா வீசுங்கோ!"

அவன் திரும்பிப் பார்த்தான். "இதில மீன் இல்லை. அங்கால போகவேணும்."

"மீனுக்கில்லை. நான் பார்க்க."

அவன் வலையை இழுத்து மடித்தான். வீசினான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்ப வீசச் சொன்னாள். மீன் இல்லாத அந்தத் தண்ணீரில் அவன் எட்டு ஒன்பது தரம் வலை வீசினான். ஒவ்வொரு தரமும் வட்டமாக, சத்தமில்லாமல் விழுந்தது. பிறகு அவள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து, அவனுக்குப் பின்னால் நின்று, அந்த எலும்பின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"என்னப்பா இது?" என்றான் பாலன். அவனுக்குக் கூச்சமாக இருந்தது. தூரத்தில் வேறு இரண்டு பேர் நின்றார்கள்.

"பேசாமல் வீசுங்கோ. மெதுவா."

அவன் கை உயர்ந்தது. அவளுடைய உள்ளங்கைக்கு அடியில் அந்த எலும்பு நகர்ந்தது. அது மேலே மட்டும் போகவில்லை; கீழ் நுனி பக்கவாட்டில் முன்னுக்கு வந்து, முழு எலும்பும் திரும்பியது. யதுர்ஷிகா எத்தனையோ தரம் சொன்னது. காது கேட்டது, கைக்கு இப்போதுதான் விளங்கியது.

"இனி நீங்கள் என்ர முதுகில கை வையுங்கோ."

பாலன் வலையை இடது தோளில் போட்டுவிட்டு, ஈரக்கையை அவளுடைய வலது தோளுக்குக் கீழே வைத்தான். குளிர்ந்த கை. அவள் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை மெல்ல மேலே கொண்டுபோனாள். தண்ணீர் இடுப்பைச் சுற்றி ஆடியது. கை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்த இடத்தில், யாரும் எதையும் தள்ளச் சொல்லாத அந்த நேரத்தில், முதுகின் ஒரு மூலையில் ஏதோ ஒன்று கண் விழித்தது.

"அசையுது," என்றான் பாலன்.

"உண்மையா?"

"கொஞ்சம். ஆமை மாதிரி."

அவள் சிரித்தாள். சிரிப்பில் அது நின்றுவிட்டது. திரும்பத் தொடங்கினாள். வெயில் முழுதாக ஏறும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அன்று அவர்கள் வீட்டில் மீன்கறி இல்லை, பருப்பும் கீரையும்தான்.

*

அதற்குப் பிறகு எல்லாம் ஓடி நடந்துவிடவில்லை. ஆமை வேகத்தில்தான் நடந்தது. கட்டிலில் படுத்து யதுர்ஷிகாவின் விரலை நோக்கி அந்த நுனியைத் தள்ளியபோது, முதல் நாள் ஐந்தில் ஒரு தரம் அசைந்தது. அடுத்த கிழமை ஐந்தில் மூன்று. பிறகு கைகளையும் முழங்கால்களையும் நிலத்தில் ஊன்றி, தரையைத் தள்ளி முதுகை உயர்த்தும் பயிற்சி. பிறகு சுவரில் வழுக்கும்போது கையில் இறப்பர் பட்டி. பத்துக்கு மேல் ஒன்றுகூடச் செய்யவில்லை அவள். சில நாட்களில் மழை வந்து பஸ் வராது; அப்போது குசினிக் கதவுக்கு முன்னால் நின்று செய்தாள். பாலன் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பின்னால் இருந்து பார்ப்பான். "இடத்துக்குப் போகேல்லை," என்பான், அல்லது "ஓம், இப்ப சரி," என்பான். இருபது வருடத்தில் அவர்கள் இவ்வளவு கதைத்ததில்லை. கதைத்தது முழுவதும் ஓர் எலும்பைப் பற்றி.

ஒன்பதாவது வாரம் யதுர்ஷிகா போத்தல்களை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வீடியோ எடுத்தாள். இரண்டு வீடியோவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்கள். வலது எலும்பு இடதைப்போல வழுவழுப்பாகப் போகவில்லை. ஒரு இடத்தில் தயங்கிவிட்டுத்தான் போனது. ஆனால் போனது.

"முழுக்கச் சுகமோ மிஸ்?"

"முக்கால்வாசி. மிச்சம் உங்கட கையில. நீண்ட நாள் வேலை செய்தா இடைக்கிடை நோகும். அப்ப என்ன செய்ய வேணும் எண்டு உங்களுக்குத் தெரியும்." கொஞ்சம் யோசித்தாள். "அக்கா, நீங்கள் போடுற அந்தக் கவச உடுப்பை ஒரு நாளைக்குக் கொண்டுவாங்கோ. அதின்ர வார் எந்த இடத்தில தோளை அமத்துது எண்டு பார்ப்பம்."

உடுப்பை வெளியே கொண்டுபோக விதியில் இடமில்லை. அதனால் செல்வராசா யதுர்ஷிகாவையே வேலையிடத்துக்கு வரச் சொல்லிக் கேட்டார். அவளும் தன் விடுமுறை நாளில் வந்தாள். அந்தக் காணிக்கு வெளியே, முகாமின் தகரக் கொட்டிலில், பதினாலு பெண்களும் ஒவ்வொருத்தியாக முதுகைக் காட்டினார்கள். ஒன்பது பேருக்கு ஒரு பக்கத் தோள் தாழ்ந்து கிடந்தது. வீரம்மாவுக்கு இரண்டு பக்கமும்.

"எனக்குத் தோளில நோவே இல்லைப் பிள்ளை," என்றாள் வீரம்மா.

"நோ வர முதல் வந்திருக்கிறன் அம்மா," என்றாள் யதுர்ஷிகா. உடுப்பின் வாரை முதுகில் குறுக்காக மாற்றிக் கட்டிப் பார்த்தார்கள். பாரம் தோள் நுனியிலிருந்து நெஞ்சுக்கு மாறியது. செல்வராசா அதைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பி, அனுமதி வாங்க இரண்டு கிழமை எடுத்தார்.

ஐப்பசி தொடக்கத்தில் சுதர்சினி வேலைக்குத் திரும்பினாள். திரும்பி வருகிறவர்களைச் சோதிக்கும் பரீட்சைப் பாதையில் செல்வராசா வெடிக்காத பத்துச் சாமான்களை ஒளித்து வைத்திருந்தார். ஐந்து இடப்பக்கம், ஐந்து வலப்பக்கம். பத்தையும் எடுத்துக் கொடுத்தாள். பத்தாவதை எடுக்கும்போது கழுத்தில் ஒரு சின்ன இழுவை வந்தது. அவள் பயப்படவில்லை. எழுந்து, பின்னால் வந்து, கையை உயர்த்தி, அந்த எலும்பை அதன் இடத்துக்குப் போகவிட்டு, பத்து எண்ணினாள். பிறகு போய்ப் பாதையின் மிச்சத்தை முடித்தாள்.

இப்போது அந்தக் காணியில் வேலை தொடங்க முன்னம் ஒரு காரியம் நடக்கும். காலை ஆறு மணிக்கு முன், பனி இன்னும் பனைகளின் இடுப்பில் நிற்கிற நேரத்தில், ட்ரக்கின் நீளப் பக்கத்தோடு பதினாலு பெண்கள் வரிசையாக நின்று, முழங்கை வரைக்கும் தகரத்தில் படியவைத்து, கைகளை மேலே வழுக்குவார்கள். தகரம் குளிர்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அவர்கள் எல்லாருமாக அந்த ட்ரக்கைத் தூக்கப் போகிறார்கள் என்று தோன்றும். சுதர்சினி தன்னுடைய பத்தை முடித்துவிட்டு, வரிசையின் பின்னால் நடந்து, ஒவ்வொரு முதுகிலும் கையை வைத்துப் பார்ப்பாள். சில எலும்புகள் உள்ளங்கைக்கு அடியில் உடனே நகரும். சிலது நித்திரை. அந்த இடத்தில் அவள் கொஞ்ச நேரம் கூட நிற்பாள்.

"அவசரமில்லை," என்பாள் மெதுவாக. "உள்ளதான் கிடக்கு. தேடிப் பாருங்கோ."

செல்வராசா விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.